வாயிற்காவலனின் சட்டையைத் தைத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 41 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்ததும் வெட்டுமேசையில் முதலில் விரிவது உங்கள் பத்திரிகைதான். துணி அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை மாணவர் பக்கத்தை மட்டும் தனியாக மடித்து, எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு எடுத்துக்கொண்டு போவேன். இந்தக் கடிதம் அந்தப் பக்கத்தைப் பற்றியது.

மூன்று மாதங்களாக அதில் பிள்ளைகள் தாங்களே உருவாக்கிய நாடுகளைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள். பேசும் ஆறு, இரவில் இடம் மாறும் மலை, நிழல்களை விற்கும் சந்தை என்று அவர்கள் மனம் போகிற தூரத்தைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடங்கிய உங்களுக்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு விஷயம் என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதுவரை வந்த 11 கதைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்பதில் கோட்டை வாசலிலோ நகர வீதியிலோ காவலர்கள் வருகிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருவருக்கும் முகம் இல்லை. வீரன் வருகிறான், வாளைச் சுழற்றுகிறான், ‘காவலர்கள் சரிந்தனர்’ என்ற இரண்டே சொற்களில் அவர்கள் முடிந்துபோகிறார்கள். ஒரு கதையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஆறு காவலர்களைக் கொன்றுவிட்டு, அடுத்த பத்தியில் காணாமல் போன தன் நாய்க்குட்டிக்காக அழுகிறாள். எழுதிய குழந்தையைக் குறை சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்படித்தான் காவலர்களை நாம் காட்டியிருக்கிறோம். ஆனால் அன்றிரவு அந்த ஆறு பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என் பேத்தியும் உங்கள் பக்கத்துக்கு ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நகரத்தை வரைந்திருந்தாள். ‘ஏழ்மதில்’ என்று பெயர். நடுவில் அரண்மனை, சுற்றிலும் ஏழு மதில்கள், நான்கு வாசல்கள். “தாத்தா, வடக்கு வாசலில் நூறு காவலர்களை நிறுத்தப்போகிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை, அதற்கு மேல் வெள்ளிக் கவசம்” என்றாள். எனக்கு நூறு சட்டை என்றதும் துணி எத்தனை மீட்டர் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. “நூறு சட்டையையும் யார் தைத்தார்கள் அம்மா? கூலி யார் கொடுத்தது?” என்று கேட்டேன். “ராஜா கொடுத்தார்” என்றாள். “சரி, நூறு பேருக்கும் வீடு எங்கே இருக்கிறது? படத்தில் காணோமே?” என்றேன். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். ஏழு மதிலுக்குள் ஓரிடத்திலும் அவர்கள் தலைசாய்க்க இடமில்லை. அழிப்பானை எடுத்து ஐந்தாம் மதிலை அழித்தாள்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் காவலர்களைத் தேடிப் படிக்கிறோம். கிளை நூலகத்தில் கிடைத்த புத்தகங்களை நானும், அம்மாவின் கைபேசியில் கிடைத்ததை அவளுமாக. நான் சொல்ல நினைப்பது இதுதான்: கற்பனை நகரத்தின் காவலர்களை எழுதும்போது, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார், மறுநாள் காலையில் அவர்கள் யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற இரண்டையும் பிள்ளைகள் யோசிக்கட்டும். அவ்வளவு யோசித்தாலே அந்த நகரத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஒருநாள் பேத்தி ஓர் ஓவியத்தைக் காட்டினாள். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்தது. ‘இரவுக் காவல்’ என்று உலகம் முழுவதும் அதைச் சொல்கிறார்கள். உண்மையில் அது இரவு அல்ல, மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனதால் வந்த பெயர். அதில் இருப்பவர்கள் படைவீரர்கள் அல்லர். ஊர்க்காரர்களே சேர்ந்து நகரத்தைக் காக்க வைத்திருந்த குடிப்படையின் ஒரு பிரிவினர். படம் வரைவதற்கான பணத்தையும் படத்தில் இருப்பவர்களே போட்டார்கள். கைபேசியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண்ணுக்கு முதலில் பட்டது துணி. ஒருவர் உடுப்பு மாதிரி இன்னொருவர் உடுப்பு இல்லை! நடுவில் நிற்கும் தலைவர் கறுப்பு உடையில், குறுக்கே சிவப்புப் பட்டை. பக்கத்தில் துணைத்தலைவர் இளமஞ்சள் உடையில். அதன் ஓரத்து வேலைப்பாட்டுக்கு எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். தலைவர் கையை நீட்டிப் பேசுகிறார். அந்தக் கையின் நிழல் துணைத்தலைவரின் மஞ்சள் உடையில் விழுகிறது. பின்னால் ஒருவன் இரும்புத் தொப்பி போட்டிருக்கிறான், இன்னொருவன் துணித் தொப்பி. ஒரே பிரிவைச் சேர்ந்த ஆட்கள், ஆனால் சீருடை என்பதே இல்லை. ஏன்? அவரவர் ஆயுதத்தையும் உடையையும் அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க வசதியில்லாதவனுக்கு அந்தப் படையில் இடம் கிடையாது.

ஒரு நகரத்தைப் பற்றி இந்த ஒரு விஷயம் எவ்வளவு சொல்லிவிடுகிறது பாருங்கள். காசு இருப்பவன் காவலனாக இருக்கும் ஊரில் காக்கப்படுவது எது, விடப்படுவது எது என்று கேட்டால் அங்கேயே ஒரு கதை கிடைத்துவிடும்.

அதே படத்தில் கூட்டத்துக்கு நடுவே பொன் நிற உடையில் ஒரு சிறுமி வருகிறாள். இடுப்பில் தலைகீழாக ஒரு கோழி தொங்குகிறது, அதன் நகங்கள் நன்றாகத் தெரியும்படி. அந்தக் காவற்படையின் அடையாளம் பறவையின் நகம் என்பதால் ஓவியர் அப்படி வைத்திருக்கிறார். என் பேத்தி நெடுநேரம் அந்தச் சிறுமியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேருக்கு நடுவில் அவள் ஒருத்திக்குத்தான் வெளிச்சம் என்றாள்.

இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு அரசர் போட்ட வின்செஸ்டர் சட்டம் என்று ஒன்று. மதில் சூழ்ந்த ஊர்களின் வாசல்களைப் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை அடைத்து வைக்க வேண்டும். ஊர்க்காரர்களே இரவுக் காவல் இருக்க வேண்டும். 15 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள ஆண்கள் எல்லோரும் அவரவர் சொத்துக்குத் தக்கபடி ஆயுதம் வைத்திருக்க வேண்டும். பெரிய நிலக்காரனுக்கு இரும்புச் சட்டை, தலைக்கவசம், வாள், குதிரை. வசதி குறையக் குறைய ஒவ்வொன்றாகக் குறைந்து, ஏழைக்கு வில்லும் அம்பும் கத்தியும். திருடனைக் கண்டால் கூச்சல் போட வேண்டும். கூச்சல் கேட்டவர்கள் எல்லோரும் கூடத் துரத்த வேண்டும். கொள்ளையனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் அந்த வட்டாரத்து மக்களே பறிபோனதற்கு ஈடு கட்ட வேண்டும்.

இதைப் படித்ததும் நம் தென்மாவட்டங்களில் இருந்த காவல் முறை நினைவுக்கு வந்தது. ஊருக்குக் காவல்காரர்கள் இருந்தார்கள். விளைச்சலில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. மாடு காணாமல் போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்க வேண்டும். களவுபோன மாடு இருக்கும் இடத்தைச் சொல்லி மீட்டுத் தருவதற்கு வாங்கும் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். காவலுக்கும் களவுக்கும் நடுவில் உள்ள கோடு சில ஊர்களில் எவ்வளவு மெல்லியதாக இருந்தது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டும். பிள்ளைகள் யாராவது துப்புக்கூலியை வைத்து ஒரு கற்பனை ஊரை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை.

1989ஆம் ஆண்டு ஐப்பசி. எங்கள் தெருவில் அடுத்தடுத்துத் திருட்டு. முதலில் ஒரு வீட்டுக் கொல்லையில் இருந்த செம்பு அண்டா போயிற்று. பிறகு ஒரு சைக்கிள். பிறகு திண்ணையில் படுத்திருந்த ஒரு பாட்டியின் கழுத்திலிருந்து இரட்டை வடச் சங்கிலி. தெருக்காரர்கள் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் என்று முடிவுசெய்தோம். இரவுக்கு நான்கு பேர். பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை ரோந்து. ஆள் அனுப்ப முடியாத வீடு இரண்டு ரூபாய் கொடுத்தால் வேறொருவர் போவார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முறை எழுதி வைத்தோம். முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். நடந்தவர்கள் என்னைப் போன்ற கூலிக்காரர்கள். லண்டனிலும் பழைய காலத்தில் இதே கதைதான், முறைக்காவலுக்குத் தான் போகாமல் காசு கொடுத்து மாற்றாள் அனுப்பினார்கள் என்று இப்போது படிக்கிறேன். எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

எங்களிடம் இருந்தவை மூன்று தடிகள், ஒரு டார்ச் லைட், ஒரு விசில். எனக்கு அப்போது வயது இருபத்தேழு. கையில் தடியைக் கொடுத்ததும் என் நடையே மாறிவிட்டது என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னது உண்மை. என் கடையிலேயே அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்க்காவல் படையில் சேருகிறவர்கள் காக்கித் துணியோடு வருவார்கள். தமிழ்நாட்டில் 1963இல் சட்டம் இயற்றி அமைத்த தன்னார்வப் படை அது; பகலில் மளிகைக் கடையிலோ அலுவலகத்திலோ வேலை, அழைத்தபோது காவல். மார்பளவு எடுக்க நாடாவைச் சுற்றியதும் அவர்களை அறியாமலே மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவார்கள். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது அதே ஆள் அப்படி நிற்பதில்லை. “மூச்சை விடுங்கள்” என்று சொல்லி, மறுபடியும் அளப்பேன். காக்கியைப் போடுவதற்கு முன்பே, துணியாக இருக்கும்போதே, அது மனிதனை ஒன்றரை அங்குலம் பெரிதாக்கிவிடுகிறது.

அன்று மழை விட்டு அரைமணி இருக்கும். மின்சாரம் இல்லை. மணி மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் தெருமுனையில் ஓர் ஆள், தோளில் சாக்குப்பை, சுவரோரமாக வேகமாக வந்தான். டார்ச் என் கையில் இருந்தது. முகத்தில் அடித்தேன். அவன் நின்றான், எங்களைப் பார்த்தான், திரும்பி ஓடினான். ஓடுகிறவன் திருடன்தான் என்பதில் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அந்த நிமிடத்தில் சந்தேகம் வரவில்லை. துரத்தினோம். எங்களில் ஒருவர் தடியை வீசினார். தோளில் பட்டது. சாக்கு கீழே விழுந்தபோது கணீரென்று வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பித்தளைச் சத்தம்.

சாக்கை அவிழ்த்துப் பார்த்தோம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, ஒரு ஜோடி. வைக்கோலில் சுற்றி, உச்சியில் வைக்கும் அன்னத்தை மட்டும் கழற்றித் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தது. ஒரு விளக்கின் தண்டு நசுங்கிப்போயிருந்தது. பட்டறையில் வேலை செய்யும் பையன், பத்தொன்பது வயது. விடியற்காலை முகூர்த்தத்துக்குச் சீர்வரிசை விளக்கு; மழையில் கடைசி பஸ் வராததால் பத்து கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறான். “ஏன் ஓடினாய்?” என்று கேட்டோம். “இருட்டில் நாலு பேர் தடியோடு வந்தால் ஓடாமல் என்ன செய்வேன்?” என்றான். தோளைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. விளக்கை நாங்கள் சுமந்துகொண்டு போய்க் கல்யாண வீட்டில் கொடுத்தோம். மறுநாள் தெருவில் வசூல் செய்து பணம் கொண்டுபோனோம். விளக்கின் தண்டுக்கான காசை மட்டும் பட்டறைக்காரர் வாங்கிக்கொண்டார், பையன் எதையும் தொடவில்லை. அத்தோடு ரோந்து நின்றது. தடி வீசியவர் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவருடைய பேரனுக்குப் பள்ளிச் சீருடை நான்தான் தைக்கிறேன். அந்த இரவைப் பற்றி அவரும் நானும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. டார்ச்சை அடித்து அந்தப் பையனின் முகத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை என்னால் முன்போல் படிக்க முடியவில்லை. பள்ளியில் படித்தபோது பொற்கொல்லனையும் பாண்டியனையும்தான் கவனித்தேன். இப்போது என் கண் போவது ஊர்காப்பாளரிடம். மதுரையின் நகரக் காவலர்கள். அரசன் ஆராயாமல் அவர்களைக் கூப்பிட்டு, சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று ஆணையிடுகிறான். ஆணை அவ்வளவுதான். இளங்கோவடிகள் நினைத்திருந்தால் ‘காவலர் சென்றனர், கோவலன் வீழ்ந்தான்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காவலர்களை நிறுத்திப் பேச வைக்கிறார்.

கோவலனைப் பார்த்ததும் அவர்கள் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் ‘கொலைப்படு மகனலன்’ என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி அவர்கள் மனத்தைக் கலைக்கிறான். அப்போது வேல் பிடித்த இளைஞன் ஒருவன் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறான். மழைக்கால நள்ளிரவு, ஊரெல்லாம் உறங்கும் இருட்டு, நிலத்தைத் தோண்டும் உளியோடு நீல உடையில் ஒரு கள்வன் புலிபோல வந்து நின்றான், நான் வாளை உருவினேன், அந்த வாளையே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், பிறகு எங்குமே அவனைக் காணவில்லை என்கிறான். சொல்லிவிட்டு, நாம் தவறினால் அரசன் நம்மை வருத்துவான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று தன் கூட்டத்தாரையே கேட்கிறான். ‘அலைக்கும் வேந்தனும்’ என்ற அந்த இரண்டு சொற்களில் நிற்கிறது அவனுடைய வாழ்க்கை. திருடனிடமும் பயம், சம்பளம் கொடுக்கிறவனிடமும் பயம். அவன் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ‘கல்லாக் களிமகன் ஒருவன்’, அதாவது படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன், கையிலிருந்த வாளை வீசிவிடுகிறான். காரியம் முடிந்தது. கோவலன் மண்ணில் கிடக்கிறான்.

ஐயா, அந்த இளைஞனுக்கும் இளங்கோ பெயர் வைக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு மழை இரவைக் கொடுத்தார், பறிபோன ஒரு வாளைக் கொடுத்தார், கேட்பதற்கு ஒரு கேள்வியைக் கொடுத்தார். அவன் ஓர் ஆளாகிவிட்டான். என்னோடு ரோந்து வந்த மூன்று பேரை அந்தக் காதையில் நான் தெளிவாகப் பார்க்கிறேன். தயங்கியவரும் இருந்தார், பழைய திருட்டுக் கதையைச் சொல்லி எங்களைச் சூடேற்றியவரும் இருந்தார், வீசியவரும் இருந்தார்.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இதே மதுரையின் இரவுக் காவலர்களை இன்னொரு விதமாகக் காட்டுகிறார். அவர்கள் ‘துஞ்சாக் கண்ணர், அஞ்சாக் கொள்கையர்’. யானையைப் பார்க்கும் புலிபோலக் கள்வரைத் தேடுகிறவர்கள்; நூல்வழியே தேர்ந்த அறிவுள்ளவர்கள்; தேர் ஓடும் தெருவில் வெள்ளம் திரண்டு ஓடும் மழையில், நள்ளிரவிலும் சோர்வில்லாமல் சுற்றி வருகிறவர்கள். அவர்கள் தேடும் கள்வர் கையிலும் அதே நிலம் அகழும் உளி. ஒரே நகரம், ஒரே மழை இரவு, ஒரே உளி. காவலர்கள் மட்டும் இரண்டு விதம். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்க வேண்டும். மழையில் வெள்ளத்துக்கு நடுவே நடப்பவனும் அவன்தான், பயத்தில் தடுமாறுகிறவனும் அவன்தான்.

பேத்திக்கு மிகவும் பிடித்தது அர்த்தசாஸ்திரத்தில் வரும் நகர நிர்வாகம். பத்து, இருபது அல்லது நாற்பது குடும்பங்களுக்கு ஒரு கோபன் என்ற அலுவலர். நகரத்துக்கு மேலே நாகரிகன் என்ற அதிகாரி. இரவில் முரசொலி கேட்ட பிறகு தெருவில் நடமாடினால் தண்டம். ஆனால் யாரைப் பிடிக்கக்கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்: பிரசவம் பார்க்கப் போகிறவர், மருத்துவர், பிணம் எடுத்துச் செல்கிறவர்கள், கையில் விளக்கோடு போகிறவர், கூத்துப் பார்க்கப் போகிறவர், தீயை அணைக்க ஓடுகிறவர். பிடிக்கக்கூடாதவரைப் பிடித்த காவலனுக்கும், பிடிக்க வேண்டியவரை விட்ட காவலனுக்கும் தண்டனை உண்டு. பெண்களிடம் தவறாக நடந்துகொள்ளும் காவலனுக்கும் தண்டனை உண்டு. இதை அவளுக்கு வாசித்துக்காட்டியபோது ‘கையில் விளக்கோடு போகிறவர்’ என்ற இடத்தில் என் குரல் அடைத்துக்கொண்டது. அந்தப் பையன் சுமந்து வந்ததும் விளக்குதான், எரியாத விளக்கு.

அவள் ஏழ்மதில் நகரத்துக்கு இரவுச் சட்டம் எழுத உட்கார்ந்துவிட்டாள். யாரையெல்லாம் பிடிக்கக்கூடாது என்று அவளே ஒரு தாள் நிறைய எழுதியிருக்கிறாள். பாலுக்கு அழும் குழந்தைக்காகப் பசுவைத் தேடிப் போகிறவர், கனவு கண்டு பயந்து பாட்டி வீட்டுக்கு ஓடுகிறவர், நிலவில் பூ மலர்வதைப் பார்க்க வந்தவர் என்று போகிறது அது. ரோமாபுரியில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி கி.பி. 6இல் அமைத்த இரவுக் காவற்படை திருடனைப் பிடிப்பதோடு தீயையும் அணைத்தது, அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள், அவர்கள் கையில் வாளியும் இருந்தது என்று படித்தவுடன், வடக்கு வாசல் காவலர்களின் வெள்ளிக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு வாளியைக் கொடுத்துவிட்டாள்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. மாணவர் பக்கத்தில் கதைக்கு மேலே சிறு எழுத்தில் விதிமுறைகள் போடுகிறீர்கள். சொல் எண்ணிக்கை, வயது, பள்ளியின் முத்திரை என்று. அதோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்: கதையில் யாராவது செத்தால், அவர் யார் என்று குறைந்தது ஒரு வாக்கியமாவது எழுதுங்கள் என்று. காவலர்கள் சாகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோவலன் கதையில் சாவு இல்லாமல் போகவில்லை. சாகிறவன் ஓர் ஆளாகச் சாகட்டும். இரண்டாவது, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், வாசலில் நிற்பவன் தானே சொல்லும் கதைகளை மட்டும் கேட்டு வாங்கிப் போடுங்கள். உள்ளே வர நினைக்கும் வீரனை அவன் எப்படிப் பார்க்கிறான்? மதிலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் அவனுடைய தம்பி நின்றால் கதவைத் திறப்பானா? அவன் ராஜாவிடம் சம்பளம் வாங்குகிறவனா, அல்லது பகலில் செருப்புத் தைத்துவிட்டு இரவில் முறைக்காவல் வருகிற அதே தெருக்காரனா? சம்பளக் காவலன் அடித்தால் தன் வீட்டுக்குப் போய்விடலாம். தெருக்காவலன் அடித்தால், அடிபட்டவனோடு அதே கிணற்றில் மறுநாள் தண்ணீர் இறைக்க வேண்டும். இந்த இரண்டு நகரங்களும் வேறு வேறு நகரங்கள் என்பதைப் பிள்ளைகள் எழுதிக் கண்டுபிடிக்கட்டும். நம் பிள்ளைகளால் அது முடியும். நிழலை விற்கும் சந்தையைக் கண்டுபிடித்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத ஒருவனை இருட்டில் அடித்துவிடுவது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். அவன் பெயரை நாங்கள் கேட்டது அடித்த பிறகுதான். என் பேத்தியின் வயதுப் பிள்ளைகள் அடிப்பதற்கு முன்னால் கேட்டுப் பழக வேண்டும், கதையிலாவது.

பேத்தியின் கதை இன்னும் முடியவில்லை. நூறு காவலர்கள் இப்போது நான்கு பேராகிவிட்டார்கள். அழித்த ஐந்தாம் மதில் இருந்த இடத்தில் நான்கு வீடுகள் வந்துவிட்டன. ஒரு வீட்டுக்கு முன்னால் கொடியில் நீலச் சட்டை காய்கிறது. அந்தச் சட்டையை எப்படித் தைப்பது என்று என்னிடம் கேட்டாள். மழையில் நடக்கிறவன் என்பதால் துணி கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும், தடி பிடிக்கும் கையின் அக்குளில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் கிழியாது, விசிலுக்கு இடது பக்கம் சின்னப் பை, அதற்கு மூடி வேண்டாம், அவசரத்தில் எடுக்க வராது என்று சொன்னேன். எல்லாவற்றையும் படம் போட்டு அம்புக்குறி வைத்து எழுதிக்கொண்டாள். காவலனுக்குப் பெயரும் வைத்துவிட்டாள். என்ன பெயர் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள்; பத்திரிகையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் தாத்தா என்கிறாள். கதையை முடித்ததும் அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறோம். சுயவிலாசமிட்டு, தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தையற்கலைஞன், கும்பகோணம்.